பல் டாக்டர் பதில்கள்: ஸ்க்ரூ பல் யாருக்குச் சரிப்படும்?

போன இதழில் பல்செட் ஏன் தளர்கிறது என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பல்செட்டைப் பற்றியே இல்லை. "அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுவாய்க்கும் இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாமா?" என்பதுதான் கேள்வி. இம்பிளான்ட் என்பது தாடை எலும்புக்குள் பதிக்கும் டைட்டானிய ஸ்க்ரூ; அதன்மேல்தான் பல்லை மாட்டுவோம். 'மூன்றே நாளில் நிரந்தரப் பல்' என்ற விளம்பரத்தைக் கத்தரித்து இணைத்தவர்களும் உண்டு. ஆகவே இந்த முறை இது ஒன்றுதான் விஷயம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை விட்டுவிட்டேன்.

"எனக்கு வயது 68. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். 12 வருடமாக மேலும் கீழும் பல்செட். மேல்செட் பரவாயில்லை. கீழ்செட் பேசும்போதே எழும்பி வருகிறது. முறுக்கை இடித்துப் பொடியாக்கித்தான் சாப்பிடுகிறேன். 15 வருடமாகச் சர்க்கரை. கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி 8.6. இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போது ஆஸ்பிரின் மட்டும் சாப்பிடுகிறேன். பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து மகன் இரண்டு வார லீவில் வருகிறான். வந்த கையோடு முழுவாய்க்கும் ஃபிக்ஸட் பல் வைத்துவிடலாம், பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்கிறான். இந்த வயதில் இது ஆகுமா?"
— ஒரு வாசகர், காரைக்குடி

சார், நீங்கள் கேட்டது வயதைப் பற்றி. அதுதான் உங்கள் கடிதத்திலேயே எனக்குக் கவலை தராத விஷயம். இம்பிளான்டுக்கு மேல்வயது வரம்பு கிடையாது. எண்பதைத் தாண்டியவருக்கும் எலும்பு டைட்டானியத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் பார்ப்பது வேறு நான்கு: சர்க்கரை, இதயம், தாடை எலும்பு, மகனுடைய லீவு.

முதலில் சர்க்கரை. 8.6 என்பது மூன்று மாதச் சராசரி. அந்த நிலையில் புண் ஆறுவது மந்தமாக இருக்கும், கிருமி தொற்றுவது சுலபம். 8-ஐத் தாண்டியவருக்கு நான் இந்த அறுவையைத் தள்ளிப்போட்டுவிடுவேன். 7-ஐ ஒட்டி வந்தால் நிம்மதியாகச் செய்வேன். சர்க்கரை இருப்பதே தடை என்று நினைத்துவிட வேண்டாம்; கட்டுக்குள் இல்லாத சர்க்கரைதான் தடை. பொங்கலுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. உங்கள் சர்க்கரை டாக்டரிடம் "பல் அறுவை செய்துகொள்ளப் போகிறேன்" என்று சொல்லி மாத்திரையைச் சரிசெய்துகொள்ளுங்கள். அறுவைக்கு முந்தைய வாரம் மட்டும் சோற்றைக் குறைத்து, காலைச் சர்க்கரையை அழகாகக் காட்டுவது எங்களிடம் செல்லாது. ஹெச்பிஏ1சி எல்லாவற்றையும் சொல்லிவிடும். கணக்கு வாத்தியாருக்குச் சராசரியைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்து ஸ்டென்ட். மாரடைப்போ ஸ்டென்டோ வந்து ஆறு மாதத்துக்குள் என்றால் தொடவே மாட்டேன். உங்களுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டதால் இதய டாக்டரின் கடிதத்தோடு செய்யலாம். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிட்டு வரவே வராதீர்கள். பல் பிடுங்கப் போகிறேன் என்று நாலு நாள் மாத்திரையை விட்டுவிட்டு வந்து நிற்பவர்களை இன்னமும் பார்க்கிறேன். ஈறிலிருந்து கொஞ்சம் கூடுதலாக ரத்தம் கசிந்தால் பஞ்சை வைத்து அழுத்தியோ தையல் போட்டோ நிறுத்திவிடலாம். ஸ்டென்டில் ரத்தம் உறைந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது எலும்பு. கதையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. பல்லைப் பிடுங்கியதும் அதைத் தாங்கிய எலும்புக்கு வேலை போய்விடுகிறது, கரையத் தொடங்குகிறது. முதல் வருடத்தில் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் ஆயுள் முழுக்க. அதிலும் கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கூடுதலாகக் கரையும். மேல்செட் அண்ணம் முழுவதும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே அந்தப் பரப்பு இல்லை, போதாக்குறைக்கு நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். 12 வருடம் ஆன கீழ்த்தாடை மெலிந்து கத்திமுனை போல ஆகியிருக்கும். உங்கள் செட் எழும்பி வருவதற்குச் செட் செய்தவரைத் திட்டிப் பயனில்லை.

ஆனால் கீழ்த்தாடையின் முன்பகுதியில், கோரைப்பல் முதல் கோரைப்பல் வரை இருந்த இடத்தில், பெரும்பாலும் கெட்டியான எலும்பு மிச்சம் இருக்கும். உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அதற்கும் பின்னால்தான் வெளியே வருகிறது என்பதால் அங்கே இம்பிளான்ட் வைப்பது பாதுகாப்பு. பின்பக்கம் அப்படியல்ல. நரம்பின்மேல் குறைந்தது இரண்டு மில்லிமீட்டராவது விட்டு நிறுத்த வேண்டும். கரைந்த தாடையில் அந்த உயரம் கிடைப்பதில்லை. சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல், இரண்டு தாடையையும் ஒரே தட்டையான படமாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு "தாராளமா வைக்கலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஓபிஜியில் எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது.

கடைசியாக லீவு. 1950-களில் சுவீடனில் பிரானமார்க் என்ற ஆய்வாளர், எலும்புக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்ப்பதற்காக முயலின் காலில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றிப்போயிருந்தது. இம்பிளான்டின் அடிப்படையே இந்த ஒன்றிப்போதல்தான், அதை அவசரப்படுத்த முடியாது. கீழ்த்தாடைக்கு ஏறத்தாழ மூன்று மாதம், மேல்தாடைக்கு நான்கிலிருந்து ஆறு மாதம். கான்கிரீட் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஆறவிடாமல் மேலே மாடி எழுப்பினால் என்ன ஆகும் என்று மகனிடம் கேளுங்கள்.

அப்படியானால் அந்த மூன்று நாள் விளம்பரம் பொய்யா? முழுப் பொய் இல்லை. நல்ல எலும்பில் ஸ்க்ரூ இறுக்கமாகப் பிடித்தால் அன்றைக்கோ சில நாளிலோ பல் மாட்டலாம். போர்ச்சுகல் டாக்டர் மாலோ 1990-களின் இறுதியில் கொண்டுவந்த 'ஆல் ஆன் ஃபோர்' முறை அப்படித்தான்: முன்னால் இரண்டு நேராக, பின்னால் இரண்டு சாய்வாக, நான்கே ஸ்க்ரூவில் ஒரு தாடையின் பல்வரிசை முழுக்க. முழுவாய் என்றால் 28 ஸ்க்ரூ என்று பயந்தவர்களுக்கு இது தெரியட்டும். ஆனால் அந்த வாரம் மாட்டுவது பெரும்பாலும் தற்காலிகப் பல். எலும்பு சேரும்வரை குழைந்த சாதம், இட்லி, மசித்த பருப்பு. நிரந்தரப் பல்லுக்கு மாதங்கள் கழித்து மறுபடி அளவெடுக்க வேண்டும். விளம்பரம் இதைச் சின்ன எழுத்தில் போடும், அல்லது போடாது.

நீங்கள் என் கிளினிக்குக்கு வந்திருந்தால் நான் சொல்லக்கூடியது இதுதான். மேல்செட்டைத் தொட வேண்டாம். அது நன்றாக நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கீழே முன்பகுதியில் இரண்டே இரண்டு இம்பிளான்ட். அதன் தலையில் சட்டைப் பட்டன்போல ஒரு பிடிப்பு; செட்டின் அடியில் அதற்கான குழி. 'டிக்' என்று மாட்டிக்கொள்ளும், ராத்திரி கழற்றிக் கழுவலாம். 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதைத்தான் முதல் தேர்வாக வைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அறுவை சிறியது, இதயத்துக்கும் சர்க்கரைக்கும் சுமை குறைவு, செலவும் முழுவாய்க்கு ஆவதில் ஒரு பங்குதான். பட்டனுக்குள் இருக்கும் நைலான் வளையம் தேய்ந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மகன் இந்தப் பொங்கலுக்கு வரும்போது ஸ்க்ரூ. அடுத்து வரும்போது முறுக்கு. 'ஃபிக்ஸட்' இல்லையே என்று அவர் வருத்தப்படலாம். சாப்பிடப் போவது நீங்கள்.

"வயது 57. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியதால் மாதம் ஒருமுறை ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி போட்டுக்கொள்கிறேன். கீமோவுக்குப் பிறகு பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்துவிட்டன. கீழே மூன்று மட்டும் மிச்சம். பேரன் கல்யாணத்துக்குள் முழுவாயும் இம்பிளான்ட் வைத்துக்கொள்ள ஆசை."
— ஒரு வாசகி, சேலம்

அம்மா, வேண்டாம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

நீங்கள் போட்டுக்கொள்ளும் ஊசி புற்று எலும்பை அரிக்காமல் தடுக்கிறது. உங்களுக்கு அது மிக முக்கியம். ஆனால் அதே மருந்து எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதையும் நிறுத்திவைக்கிறது. மற்ற எலும்புகள் தாங்கிக்கொள்ளும். தாடை அப்படியல்ல, மெல்லிய ஈறுக்கு அடியில், வாயின் கிருமிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே துளையிட்டால் ஆறாமல் எலும்பு வெளியே தெரியும் நிலை வரலாம். 2003-லிருந்து மருத்துவ உலகம் இதை எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. புற்றுக்காக இந்த மருந்தை ஊசியாகப் போடுகிறவர்களுக்கு இம்பிளான்ட் கூடாது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. "ஊசியை இரண்டு மாதம் நிறுத்திவிட்டு வருகிறேன்" என்பதும் உதவாது, மருந்து எலும்பில் வருடக்கணக்கில் தங்கியிருக்கும்.

மிச்சம் இருக்கும் மூன்று பல்லையும் முடிந்தவரை பிடுங்கவிடாதீர்கள். சொத்தை இருந்தால் வேர்ச் சிகிச்சை செய்து, கிரீடத்தை ஈறு மட்டத்துக்கு வெட்டி வேரை உள்ளேயே விட்டுவிடலாம். அதன்மேல் உட்பக்கம் மெத்தென்ற பூச்சு கொடுத்த பல்செட். எங்காவது அழுத்திப் புண்ணானால் ஒரு நாள்கூடப் பொறுக்காமல் போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள். கல்யாணப் படத்தில் சிரிப்பதற்கு அது போதும். பந்தியில் உட்காருவதற்கும்.

இதைப் படித்துவிட்டு எலும்புத் தேய்மானத்துக்கு வாராவாரம் மாத்திரை போடுகிற மற்ற அம்மாக்கள் பயப்பட வேண்டாம். 70 மில்லிகிராம் அலென்ட்ரோனேட் மாத்திரையின் ஆபத்து மிகக் குறைவு. சேர்ந்து ஸ்டீராய்டு சாப்பிடாமல், சில வருடங்களே ஆகியிருந்தால் விவரம் சொல்லிச் செய்யலாம். ஆறு மாதத்துக்கு ஒரு டெனோசுமாப் ஊசி போடுகிறவர்கள் அதை எங்களுக்காகத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தியபின் முதுகெலும்பு முறிவு வரும் அபாயம் உண்டு. எந்த மருந்தானாலும் சீட்டைக் கொண்டுவந்து காட்டுங்கள். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை, எலும்புக்கு ஒரு ஊசி மட்டும்" என்று கிளம்பும்போது சொல்கிறார்கள். நான் கேட்ட கேள்வியே அந்த ஊசியைத்தான்.

புற்றுக்காகத் தாடைப் பகுதியில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வாங்கியவர்களும் இதே எச்சரிக்கையில் வருகிறார்கள். எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்தார்கள் என்ற குறிப்பு இல்லாமல் யாரும் அங்கே கை வைக்கக் கூடாது.

"வயது 46, பனியன் கம்பெனி நடத்துகிறேன். எல்லாப் பல்லும் கொஞ்சம் கொஞ்சம் ஆடுகிறது, ஈறில் ரத்தம். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். ஒரு இடத்தில் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டு இம்பிளான்ட் வைத்தால் ஆயுசுக்கும் தொல்லை இல்லை என்றார்கள். நாள் குறித்துவிட்டேன்."
— ஒரு வாசகர், திருப்பூர்

நாளைத் தள்ளிப்போடுங்கள். வேறொரு ஈறு சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். ஈறு நோயில் எல்லாப் பல்லும் ஒரே மாதிரி கெடுவதில்லை. முன்பற்களும் கடைவாயும் போகலாம், கோரைப்பல் இன்னும் இருபது வருடம் நிற்கலாம். ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாக, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விழுந்த பையின் ஆழத்தை அளந்து, சுத்தம் செய்து, சில மாதம் பார்த்த பிறகு எது போகும் எது நிற்கும் என்று முடிவெடுக்க வேண்டும். ஆடுகிற பல்லெல்லாம் விழப்போகிற பல் அல்ல.

'ஆயுசுக்கும் தொல்லை இல்லை' என்பதற்கு வருகிறேன். உங்கள் பல்லைச் சுற்றியிருந்த எலும்பை எந்தக் கிருமி தின்றதோ அதுவே ஸ்க்ரூவைச் சுற்றியிருக்கும் எலும்பையும் தின்னும். டைட்டானியத்துக்குச் சொத்தை வராது, அவ்வளவுதான். ஈறு நோய் வரும். ஈறு நோயால் பல்லை இழந்தவர்களுக்கு அது கூடுதலாகவே வருகிறது. வலியும் பெரிதாக இருக்காது என்பதால் தெரியும்போது பாதி எலும்பு போயிருக்கும். இதோடு சிகரெட் சேர்ந்தால், புகைக்காதவரைவிட இம்பிளான்ட் தோற்பது ஏறத்தாழ இரண்டு மடங்கு. அறுவைக்கு ஒரு வாரம் முன்பிருந்து, அது முடிந்து இரண்டு மாதம் வரையாவது சிகரெட்டை விட வேண்டும் என்பது குறைந்தபட்ச விதி. என்னைக் கேட்டால், விட முடியாதவர் அந்தப் பணத்தை பிசினஸில் போடலாம்.

சுவீடனில் 1965-ல் முதன்முதலாக டைட்டானிய இம்பிளான்ட் வைத்துக்கொண்டவர் லார்சன். பிறவியிலேயே தாடைக் குறைபாடு உள்ளவர். 2006-ல் அவர் காலமாகும்வரை நாற்பது வருடத்துக்கு மேல் அந்த ஸ்க்ரூக்கள் வேலை செய்தன. ஆயுசுக்கும் நிற்கும் என்பது நடக்காத விஷயமில்லை. ஈறை ஒழுங்காக வைத்துக்கொள்கிறவருக்கு நடக்கும். நீங்கள் அந்தப் பழக்கத்தை உங்கள் சொந்தப் பல்லில் ஆறு மாதம் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

"அப்பாவுக்கு 79. பார்க்கின்சன் நோய். கை நடுக்கம், பல்செட் வாயில் நிற்பதே இல்லை. ஃபிக்ஸட் பல் வைத்தால் கழற்றி மாட்டும் தொல்லை இருக்காதே?"
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

கழற்றும் தொல்லை இருக்காது. கழுவும் தொல்லை வரும். ஃபிக்ஸட் வரிசைக்கு அடியில் தினமும் சின்ன பிரஷ் விட்டோ தண்ணீரைப் பீச்சும் கருவியாலோ சுத்தம் செய்ய வேண்டும். நடுங்கும் கையால் முடியாது; இன்னொருவர் வாய்க்குள் நீங்கள் செய்வதும் லேசல்ல. காரைக்குடி சாருக்குச் சொன்ன பட்டன் செட் அப்பாவுக்கும் பொருந்தும்: செட் நிற்கும், நீங்கள் கழற்றிக் குழாயடியில் கழுவலாம். நோய் முற்றினால் வேறொருவர் பார்த்துக்கொள்வதும் சுலபம். அப்பாவைக் கூட்டிவரும்போது, அவரை யார் தினமும் பார்த்துக்கொள்கிறார்களோ அவரும் வர வேண்டும். அது நீங்கள்தான் என்று நினைக்கிறேன்.

"வயது 27. சின்ன வயதிலிருந்தே பல் முழுக்கப் பழுப்புக் கறை. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாமா?"
— ஒரு வாசகி, தர்மபுரி மாவட்டம்

ஒரு பல்லைக்கூட எடுக்காதே அம்மா. உங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்ததால் எனாமலில் விழுந்த கறை இது. வேரும் எலும்பும் கெட்டியாக இருக்கும்போது பிடுங்குவது பாவம். லேசான கறையை மேலாகத் தேய்த்து வெளுக்க வைக்கலாம். ஆழமாக இருந்தால் முன்பற்களுக்கு மட்டும் வெனீர் என்ற மெல்லிய பீங்கான் ஓடு ஒட்டலாம். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பத்திரிகை ஆசிரியர் அதைப் போட மாட்டார்.

"வயது 34. பத்து வருடம் பான் மசாலா போட்டேன், இப்போது விட்டுவிட்டேன். பல் நிறைய போய்விட்டது. வாய் இரண்டு விரல் அகலம்தான் திறக்கிறது. இம்பிளான்ட் முடியுமா?"
— ஒரு வாசகர், ஓசூர்

பாக்கு கன்னத்தின் உட்தோலை நார்நாராக இறுக்கிவிட்டது. ஸ்க்ரூ வைக்கும் கருவியே உள்ளே நுழைய மூன்று விரல் அகலம் வேண்டும். ஆனால் இப்போது இம்பிளான்ட் உங்கள் அவசரமில்லை. இந்த நிலை புற்றாக மாறக்கூடியது. இந்த வாரமே ஒரு வாய் அறுவை நிபுணரையோ, சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தையோ பார்த்து, வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் சதைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பல்லைப் பற்றிப் பிறகு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

"மகளுக்கு 15. பிறவியிலேயே பாதிப் பற்கள் முளைக்கவில்லை. இப்போதே இம்பிளான்ட் வைத்துவிட்டால் பள்ளியில் கேலி நிற்குமே?"
— ஒரு தாய், நாகர்கோவில்

தாடை வளர்ந்து முடியும்வரை பொறுக்க வேண்டும். இம்பிளான்ட் எலும்போடு ஒட்டிவிடுவதால் அது நகராது; பக்கத்துப் பல்லும் தாடையும் வளர்ந்து மேலே போக, இது மட்டும் பள்ளத்தில் நின்றுவிடும். பொதுவாக 18 வயதுக்குப் பிறகுதான் யோசிப்போம். அதுவரை கழற்றி மாட்டும் பகுதிப் பல்செட்டும், இருக்கும் பல்லில் ஒட்டும் பிரிட்ஜும் உண்டு. கேலிக்கு அதுவே பதில் சொல்லும். வளர வளர செட்டை மாற்றித் தர வேண்டியிருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

"எல்லாம் சரி, எவ்வளவு ஆகும்? எங்கே மலிவு?"
— பல வாசகர்கள்

தொகையை நான் இங்கே எழுதினால் அதை வெட்டி எடுத்துக்கொண்டு போய் ஊர் டாக்டரிடம் சண்டை போடுவீர்கள். எழுத்தில் எஸ்டிமேட் கேளுங்கள். அதில் ஸ்க்ரூ எத்தனை, எந்தக் கம்பெனி, தற்காலிகப் பல் தனிக் கணக்கா, நிரந்தரப் பல் அக்ரிலிக்கா (பிளாஸ்டிக் வகை) ஜிர்கோனியாவா (பீங்கான் வகை), எலும்பு ஒட்டுப்போட நேர்ந்தால் யார் செலவு, ஒரு ஸ்க்ரூ பிடிக்காமல் போனால் என்ன என்று தனித்தனியாக இருக்க வேண்டும். அறுவை செய்பவரும் பல் கட்டுபவரும் யார் என்றும் கேளுங்கள்; வெளியூரிலிருந்து வந்து வைத்துவிட்டுப் போகிறவர் என்றால், ஆறு மாதம் கழித்துச் சோதிக்கப்போவது யார்?

ஒவ்வொரு இம்பிளான்டின் பெட்டியிலும் கம்பெனி, அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். பத்து வருடம் கழித்து உள்ளே ஒரு சின்ன ஸ்க்ரூ தளர்ந்தால், அதற்குப் பொருந்தும் சாவி எது என்று அந்த ஸ்டிக்கர் இல்லாமல் எந்த டாக்டராலும் கண்டுபிடிப்பது கஷ்டம். கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.